'தி ஜெனரல்': அன்று ஏன் ஓடவில்லை, இன்று ஏன் நிற்காமல் ஓடுகிறது

கேள்வி இதுதான்: "பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' உலகின் தலைசிறந்த நகைச்சுவைப் படங்களில் ஒன்று என்கிறார்கள். போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் விழுந்து விழுந்து சிரிக்கவில்லை. வெளியான காலத்திலேயே தோற்ற படம் என்றும் படித்தேன். அப்படியானால் இந்தப் பெயர் எப்படி வந்தது? விமர்சகர்களாகச் சேர்ந்து தூக்கி வைத்ததா?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் ரசனையில் கோளாறு எதுவும் இல்லை. ஊமைப்படக் காலத்து நடிகரும் இயக்குநருமான கீட்டனின் படங்களில் அதிகம் சிரிக்க வைப்பது எது என்று என்னைக் கேட்டால் 'ஷெர்லாக் ஜூனியர்' என்றுதான் சொல்வேன். வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று உட்கார்ந்தவருக்கு 'ஜெனரல்' ஒரு மாற்றுக் குறைவாகத்தான் படும். நானும் முதல் தடவை பார்த்தபோது பாதியில் கடிகாரத்தைப் பார்த்தவன்தான். இரண்டாவது தடவைதான் பிடிபட்டது: இந்தப் படத்தில் எல்லாவற்றுக்கும் எடை இருக்கிறது. இரும்புக்கு, மரக்கட்டைக்கு, தண்ணீருக்கு, கீட்டனின் உடம்புக்கு. சிரிப்பு அந்த எடையிலிருந்து வருகிறது. அது தெரியாமல் வெறும் ஜோக்குகளை எண்ணிக்கொண்டு பார்த்தால் கணக்கு உதைக்கும். 1927-ல் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் உதைத்தது.

கதை நடந்த கதை. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862, ஏப்ரல் 12. ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் என்ற வடக்குத் தரப்பு உளவாளி சுமார் இருபது ஆட்களோடு சாதாரணப் பயணிகள்போல ஜார்ஜியா மாநிலத்தில் ரயில் ஏறினார். பிக் ஷாண்டி என்ற ஊரில் காலைச் சாப்பாட்டுக்காக ரயில் நின்றது. எல்லோரும் சாப்பிட இறங்கிய நேரத்தில் பின்பெட்டிகளைக் கழற்றிவிட்டு, 'ஜெனரல்' என்று பெயரிட்ட அந்த இன்ஜினை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வழியெல்லாம் தண்டவாளத்தைப் பெயர்த்து, தந்திக் கம்பிகளை அறுத்து, பாலங்களைக் கொளுத்தி, சாட்டனூகா நகரத்தைத் தெற்கிலிருந்து துண்டிக்க வேண்டும் என்பது திட்டம்.

அவர்கள் எதிர்பார்க்காதது அந்த ரயிலின் கண்டக்டர் வில்லியம் ஃபுல்லரை. மனிதர் முதலில் இன்ஜினுக்குப் பின்னால் கால்நடையாகவே ஓடியிருக்கிறார். அப்புறம் கையால் தள்ளும் டிராலி. அப்புறம் ஒரு இன்ஜின், அடுத்து இன்னொன்று. தண்டவாளம் பெயர்ந்த இடத்தில் மறுபடி ஓட்டம். கடைசியில் எதிரே வந்த 'டெக்சாஸ்' என்ற இன்ஜினைப் பிடித்து, திருப்ப நேரமில்லாமல், பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு துரத்தினார். சாட்டனூகாவுக்குச் சுமார் இருபது மைல் முன்னால், ரிங்கோல்டு அருகே, விறகும் நீராவியும் தீர்ந்து 'ஜெனரல்' நின்றது. வந்தவர்கள் காட்டுக்குள் சிதறினார்கள், பிடிபட்டார்கள். ஆண்ட்ரூஸும் இன்னும் ஏழு பேரும் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான 'மெடல் ஆஃப் ஹானர்' முதன்முதலில் கொடுக்கப்பட்டது இந்தக் குழுவில் உயிர் பிழைத்தவர்களுக்குத்தான்.

அந்தக் குழுவில் இருந்த வில்லியம் பிட்டஞ்சர் பின்னாளில் இதைப் புத்தகமாக எழுதினார். கீட்டனின் கதைக் கூட்டாளி கிளைட் புரூக்மேன் அதைக் கொண்டுவந்து கொடுக்க, கீட்டன் பிடித்துக்கொண்டார். ரயில் என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். ஆனால் ஒரு மாற்றம் செய்தார். புத்தகம் வடக்கர்களின் பார்வையில் இருக்க, படம் துரத்திப் போகும் தெற்கத்தியான் ஒருவனின் கதையாயிற்று. கண்டக்டர் போய், ஜானி கிரே என்ற இன்ஜின் டிரைவர் வந்தான். அந்த வேஷம் கீட்டனுக்கே. இந்த மாற்றத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

சரி, எடை என்றேனே, அதைப் பார்ப்போம்.

படத்தின் ஆரம்பத்தில் போர் மூள்கிறது. ஜானி பட்டாளத்தில் சேர முதல் ஆளாகப் போய் நிற்கிறான். இன்ஜின் டிரைவராகவே இவன் அதிகம் பயன்படுவான் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் காரணத்தை அவனிடம் யாரும் சொல்வதில்லை. காதலி அனபெல் லீ, அவன் கோழை என்று நினைத்து, சீருடையில் வந்தால்தான் இனிப் பேச்சு என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவன் போய் இன்ஜினின் சக்கரங்களை இணைக்கும் நீண்ட இரும்புத் தண்டின்மேல் சோகமாக உட்காருகிறான். அசைவே இல்லாத முகம். உள்ளே யாரோ இன்ஜினைக் கிளப்புகிறார்கள். தண்டு மெல்ல மேலே போகிறது, முன்னால் போகிறது, கீழே இறங்குகிறது. அதோடு அவனும். ஓரிரு சுற்றுகள்வரை அவனுக்குத் தெரியவே இல்லை. கொட்டகைக்குள் இன்ஜின் நுழையும்போதுதான் திடுக்கிட்டு விழிக்கிறான்.

இதை எடுக்கும் முன் கீட்டன் இன்ஜின் ஓட்டுநரிடம் யோசனை கேட்டிருக்கிறார். நீராவி ஒரு பொட்டு அதிகமாகிச் சக்கரம் வழுக்கிச் சுழன்றால் அந்தத் தண்டு உங்களை வீசி அடித்துவிடும் என்று அவர் எச்சரித்ததாகக் கீட்டனே பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எடுத்தார்கள். திரையில் பார்க்கும்போது நமக்கு ஆபத்து தோன்றுவதே இல்லை. காதல் தோல்வியின் மென்மையான படம் ஒன்றுதான் மனதில் நிற்கிறது. பல டன் இரும்பு ஒரு மனிதனைத் தாலாட்டுவதுபோல.

அடுத்தது ஸ்லீப்பர் கட்டை. திருடிக்கொண்டு போகிறவர்கள் தண்டவாளத்தின் குறுக்கே கனமான கட்டைகளைப் போட்டுக்கொண்டே போகிறார்கள். துரத்தும் ஜானி இன்ஜினை மெதுவாக்கிவிட்டு, இறங்கி முன்னால் ஓடி, ஒரு கட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்குகிறான். அதற்குள் அவன் இன்ஜினே பின்னாலிருந்து வந்து, மாடு மோதாமலிருக்க முகப்பில் வைத்திருக்கும் சாய்வுச் சட்டத்தில் அவனை அள்ளிக்கொள்கிறது. மடியில் கட்டையோடு மல்லாந்து கிடக்கிறான், இன்ஜின் ஓடுகிறது, எதிரே தண்டவாளத்தில் இன்னொரு கட்டை. கையிலிருப்பதைத் தூக்கி அதன் ஒரு முனையில் போடுகிறான். அது கிட்டிப்புள் மாதிரி எம்பி வெளியே விழுகிறது. இரண்டு தொல்லையும் ஒரே வீச்சில் தீர்ந்தது. எறிந்தது சற்றுத் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

பீரங்கிக் காட்சியை விரிவாகச் சொல்லி உங்கள் சுகத்தைக் கெடுக்க மாட்டேன். திரி பற்றவைத்த பீரங்கி, எதிரியைப் பார்ப்பதை விட்டு மெல்லத் தலை தாழ்ந்து ஜானியையே பார்க்க ஆரம்பிக்கிறது. அவனைக் காப்பாற்றுவது அவன் சாமர்த்தியம் ஏதுமில்லை. தண்டவாளம் அந்த நேரத்தில் வளைகிறது, அவ்வளவுதான். இந்தப் படத்தின் நகைச்சுவைக்கு இலக்கணம் அதில் இருக்கிறது. ஜானி முட்டாள் அல்ல, தொழில் தெரிந்தவன். ஆனால் உலகம் அவனைவிடப் பெரியது, அதற்கென்று தனி இயக்கம் உண்டு. சில நேரம் அது அவனோடு ஒத்துப்போகிறது, சில நேரம் போவதில்லை. இன்ஜினுக்கு விறகு வெட்டும் மும்முரத்தில் அவன் குனிந்திருக்க, முதுகுக்குப் பின்னால் அவன் பக்கத்துப் படை முழுவதும் பின்வாங்கிப் போய், எதிரிப் படை முன்னேறி வந்துவிடுகிறது! ஒரு போரே நடந்து முடிகிறது, வேலையில் இருப்பவனுக்குத் தெரியவில்லை.

திரைக்கதையின் அமைப்பையும் கவனியுங்கள். முதல் பாதியில் ஜானி துரத்திக்கொண்டு வடக்கே போகிறான். இரண்டாம் பாதியில் இன்ஜினை மீட்டுக்கொண்டு, துரத்தப்பட்டு, அதே வழியில் தெற்கே திரும்புகிறான். போகும்போது அவனுக்கு யார் என்ன தொல்லை கொடுத்தார்களோ, வரும்போது அதே வகைத் தொல்லையை அவர்களுக்கு அவன் கொடுக்கிறான். போட்டதே திரும்பி வருகிறது என்று யாரும் வசனத்தில் சொல்வதில்லை. ஊமைப்படத்தில் வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டைகளும் குறைவு. தண்டவாளம் ஒரு கோடு என்பதால் கதையும் ஒரே கோட்டில் ஓடுகிறது, எந்த இடத்தில் யார் முன்னால், யார் பின்னால் என்று பார்ப்பவருக்கு ஒரு கணம்கூடக் குழப்பம் இல்லை. இன்றைய துரத்தல் காட்சிகளில் விநாடிக்கொரு வெட்டு வெட்டி யார் எங்கே என்றே தெரியாமல் அடிப்பதைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு ஆறுதல்.

வடக்கர்களிடம் சிக்கி, ஜானியால் மீட்கப்பட்ட அனபெல்லும் திரும்பும் வழியில் இன்ஜினில் இருக்கிறாள். எதிரி நெருங்கிவிட்டான், அடுப்புக்கு விறகு வேண்டும். இவள் துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்குகிறாள். ஒரு விறகை எடுத்துப் பார்க்கிறாள், நடுவில் ஓட்டை, 'இது நன்றாக இல்லை' என்று வெளியே எறிகிறாள். அப்புறம் ஒரு சின்னக் குச்சியைப் பொறுக்கி அடுப்பில் போடுகிறாள். ஜானி அதைவிடச் சின்னதாக ஒரு சிராய்த் துண்டை எடுத்து நீட்டுகிறான். அதையும் பொறுப்பாக வாங்கிப் போடுகிறாள். அவள் கழுத்தை நெரிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்து உலுக்குகிறான். அதே மூச்சில் இழுத்து ஒரு முத்தம். அரை விநாடி விஷயம். மேரியன் மேக் என்ற அந்த நடிகைக்கு இந்தப் படத்தில் கிடைத்த அடி உதைகள் அதிகம், சாக்கு மூட்டைக்குள் கட்டி கூட்ஸ் பெட்டியில் எறியும் காட்சி உட்பட.

படம் பிடித்த கதையும் எடையின் கதைதான். அசல் 'ஜெனரல்' இன்ஜின் அப்போது சாட்டனூகாவில் காட்சிக்கு நின்றது. கீட்டன் அதையே கேட்டார். நகைச்சுவைப் படத்துக்கா என்று ரயில் கம்பெனி மறுத்துவிட்டது. எனவே 1926 கோடையில் ஒரேகான் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் என்ற மரம் வெட்டும் ஊருக்குப் போனார்கள். அங்கே பழைய பாதையும் பழைய இன்ஜின்களும் இருந்தன. இன்ஜின்களுக்கு 1860-களின் வேஷம் போட்டார்கள். ஒரேகான் தேசியக் காவல்படையிலிருந்து சுமார் 500 பேர் வந்து, ஒரு நாள் நீலச் சட்டை, ஒரு நாள் சாம்பல் சட்டை என்று இரண்டு படைகளுமாக அவர்களே நடித்தார்கள். விறகு எரியும் இன்ஜின்கள் பொறி கக்கி, பக்கத்துக் காட்டில் தீ பிடித்து, சண்டைக் காட்சியை விட்டுவிட்டு எல்லோரும் தீயணைக்க ஓடியதும் உண்டு.

உச்சம், அந்தப் பாலம். ரோ ஆற்றின்மேல் மரப்பாலம் ஒன்றை நிஜமாகக் கட்டினார்கள். ஜூலை 23 அன்று, ஊரே விடுமுறைபோலத் திரண்டு வேடிக்கை பார்க்க, எரியும் பாலத்தின்மேல் நிஜ இன்ஜினை ஓடவிட்டு, நிஜமாகவே ஆற்றில் விழவைத்தார்கள். ஓட்டுநர் இடத்தில் பொம்மை. இன்னொரு டேக் கிடையாது. இந்த ஒரு ஷாட்டுக்கு 42,000 டாலர் செலவு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஊமைப்படக் காலத்திலேயே அதிகச் செலவான ஒற்றை ஷாட் என்ற பெயர் அதற்கு உண்டு. விழுந்த இன்ஜினை எடுக்கக்கூட இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது இரும்புக்குத் தட்டுப்பாடு வந்து உடைத்து எடுக்கும்வரை ஆற்றிலேயே கிடந்தது.

இவ்வளவு செலவு செய்து எடுத்ததைக் கீட்டன் எப்படிக் காட்டுகிறார் என்பதில்தான் ஆளின் குணம் தெரியும். துரத்தி வரும் வடக்குப் படையின் தளபதி ஓட்டுநரிடம், இந்தப் பாலம் உன்னை நிறுத்துமளவுக்கு எரியவில்லை, போ என்று ஆணையிடுகிறார். இன்ஜின் போகிறது, பாலம் ஒடிகிறது, எல்லாம் ஆற்றில். உடனே தளபதியின் முகம். வாயடைத்துப்போய் ஒரு பார்வை, அவ்வளவே. அப்புறம் படையை ஆற்றில் இறங்கச் சொல்லிக் கையை ஆட்டுகிறார். வேறொருவர் என்றால் விழுவதை நான்கு கோணத்தில் நான்கு தடவை காட்டியிருப்பார்.

ஏன் தோற்றது என்பதற்கு வருகிறேன். படம் 1926 டிசம்பர் 31 அன்று டோக்கியோவில் முதலில் திரையிடப்பட்டு, 1927 பிப்ரவரியில் நியூயார்க்குக்கு வந்தது. செலவு சுமார் 7.5 லட்சம் டாலர். உள்நாட்டு வசூல் 4.75 லட்சத்தைத் தொடவில்லை. 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் மோர்டன்ட் ஹால், கீட்டனின் முந்தைய படங்கள் அளவுக்கு இது இல்லை என்று எழுதினார். இன்னொரு விமர்சகர் ராபர்ட் ஷெர்வுட்டின் புகார் சுவாரசியமானது: போரில் மனிதர்கள் சாவதைக் காட்டிச் சிரிக்கச் சொன்னால் எப்படி என்றார். அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். ஜானி வாளை வீச, வாள் கைப்பிடியிலிருந்து கழன்று பறந்து போய், மறைந்து சுடும் எதிரி வீரன்மேல் பாயும் இடத்தில் நான் இன்றுகூடச் சிரித்துவிட்டு ஒரு நொடி நெளிவேன். அன்றைய ரசிகன் சிரிப்புப் படம் என்று டிக்கெட் வாங்கி வந்தான். பாதி போர்ப்படம், பாதி சாகசப்படம், இடையில் சத்தமில்லாத சிரிப்பு. பெயர்ப்பலகை ஒன்று, சரக்கு வேறு.

கீட்டனுக்கு விழுந்த அடி பெரியது. அடுத்த இரண்டு படங்களுக்குப் பிறகு சொந்தக் குழுவை இழந்து 1928-ல் எம்.ஜி.எம். என்ற பெரிய ஹாலிவுட் பட நிறுவனத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்தார். வாழ்க்கையிலேயே செய்த பெரிய தவறு என்று அதைப் பின்னர் அவரே சொன்னார். கதை, பட்ஜெட், சண்டைக்காட்சி என்று எல்லாவற்றையும் தானே முடிவு செய்து பழகியவருக்கு அலுவலக முறையில் படம் எடுப்பது ஒத்துவரவில்லை. குடி, விவாகரத்து, சின்னச் சின்ன வேஷங்கள் என்று ஆண்டுகள் போயின.

பெயர் திரும்பி வந்தது மெதுவாக. 1949-ல் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜீ 'லைஃப்' பத்திரிகையில் ஊமைப்பட நகைச்சுவைக் கலைஞர்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். சாப்ளினோடு கீட்டனையும் ஒரே வரிசையில் வைத்துப் பேச ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். 1950-களில் கீட்டனின் பழைய பங்களாவில் குடியிருந்த நடிகர் ஜேம்ஸ் மேசனுக்கு அங்கே படச்சுருள்கள் கிடைத்தன. ரேமண்ட் ரோஹாயர் என்ற விநியோகஸ்தர் பிரதிகளைத் தேடிச் சேர்த்து ஐரோப்பாவில் திரையிட்டார். 1965 வெனிஸ் திரைப்பட விழாவில் அரங்கமே எழுந்து நின்று கீட்டனுக்குக் கைதட்டியது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று அவர் இறந்துபோனார். கொஞ்சம் தாமதமாகத்தான், ஆனால் காது கேட்கும்போதே அந்தக் கைதட்டல் வந்தது.

ஆக, 'விமர்சகர்கள் தூக்கி வைத்ததா' என்ற உங்கள் கேள்விக்குப் பாதி ஆமாம். ஆனால் அவர்கள் மட்டும் தூக்கவில்லை. அமெரிக்காவில் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் படம் பொதுச்சொத்தாகி, யார் வேண்டுமானாலும் போட்டுக் காட்டலாம் என்றானது. ஃபிலிம் சொசைட்டிகளுக்கும் கல்லூரிகளுக்கும் இது ஒரு வரம். 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற சினிமாப் பத்திரிகை, உலகின் சிறந்த படங்கள் எவை என்று பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் 1972-லும் 1982-லும் முதல் பத்துக்குள் இருந்தது. 1989-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டின் முதல் பட்டியலிலேயே இடம்பிடித்தது. 2007-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் நூறு படப் பட்டியலில் 18-வது இடம்.

அப்புறம் இறங்குமுகமும் உண்டு. அதே 'சைட் அண்ட் சவுண்ட்' வாக்கெடுப்பில் 2012-ல் 34-வது. 2022-ல் 95-வது, அதுவும் வேறு சில படங்களோடு பகிர்ந்துகொண்டு. அந்தப் பட்டியலில் 'ஷெர்லாக் ஜூனியர்' இதைவிட மேலே, 54-ல். சொன்னேனே!

இந்த இறக்கத்துக்கு ஒரு காரணம், நான் தள்ளிவைத்த அந்தச் சிக்கலாக இருக்கலாம். கதாநாயகன் சண்டை போடுவது தெற்குக்காக, அதாவது அடிமைமுறையைக் காக்கப் போர் தொடுத்த தரப்புக்காக. தோற்றவர்களை வில்லனாக்கினால் பார்வையாளர்கள் ஏற்க மாட்டார்கள் என்பது கீட்டன் சொன்ன காரணம். அரசியல் எண்ணம் அதில் அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஜானிக்கு வேண்டியது இன்ஜினும் காதலியும்தான், கொள்கை எதுவும் அவன் வாயில் வருவதில்லை. ஆனால் அடிமைமுறை என்ற ஒன்று இருந்ததாகவே படம் காட்டிக்கொள்ளாததும், தெற்கை மல்லிகைப்பூ வாசத்தோடு நினைத்துப் பார்ப்பதும் அந்தக் கால அமெரிக்காவின் பொதுப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் கீட்டனுக்கும் பங்கு உண்டு. கொடியை ஏந்தி வீரமாக மேட்டின்மேல் ஏறி நிற்கிறான் ஜானி. மேடு என்று நினைத்தது குனிந்திருந்த ஒரு அதிகாரியின் முதுகு. வீரத்தை இப்படிக் காலை வாரிவிடும் இடங்கள் படத்தைக் கொஞ்சம் காப்பாற்றுகின்றன. முழுதாகக் காப்பாற்றுகின்றன என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு தடவை பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு யோசனை. பொதுச்சொத்து என்பதால் இணையத்தில் கிடைப்பதில் பாதி, தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்த மங்கல் படம். கூடவே எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பியானோ. நீங்கள் பார்த்தது அதுவாக இருந்தால் பாதி எடை அங்கேயே போயிருக்கும். சீர்செய்யப்பட்ட பதிப்பைத் தேடுங்கள். கார்ல் டேவிஸ் இசையமைத்தது ஒன்று உண்டு. ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் படங்களுக்கு இசையமைக்கும் ஜோ ஹிசாய்ஷி இசையில் இன்னொன்றும் உண்டு. எனக்கு டேவிஸ். மொபைலில் வேண்டாம், வீட்டிலிருக்கும் பெரிய திரையில் போடுங்கள். சக்கரத் தண்டுக் காட்சி வரும்போது கீட்டனின் முகத்தைப் பார்க்காதீர்கள், கால்களைப் பாருங்கள்.